கவுன்சிலிங் டீச்சரின் கேசட்டுகள்: ஒரு நினைவுத் தொகுப்பு உருவான விதம்

எங்கள் பள்ளியில் கவுன்சிலிங் டீச்சராக இருந்தவர் காலமானதும், பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவுப் புத்தகம் செய்யலாம், கூடவே அவர் குரலையும் தொகுத்து வைக்கலாம் என்று முடிவெடுத்தோம். பழைய ஆடியோ சாமான்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் கேசட் வேலை என் தலையில் விழுந்தது. புத்தகம் கட்டும் வேலையும் போகப்போக என்னிடமே வந்து சேர்ந்தது. இதேபோல யாராவது செய்ய நினைத்தால் உதவுமே என்று எழுதி வைக்கிறேன்.

ஒரு சிக்கல் ஆரம்பத்திலேயே புரிந்தது. கணக்கு டீச்சருக்கு நினைவு மலர் போடுவது சுலபம். வகுப்பில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். கவுன்சிலிங் டீச்சரின் வேலை சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்தது. அந்த அறையில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் வெளியே சொல்லவே மாட்டார், அதுதான் அவர் தொழில். இன்னொருவருக்குச் சொல்ல மனம் வரலாம், வராமலும் போகலாம். "டீச்சரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள்" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். வந்த பதில்களில் நிறைய, "சொல்ல எவ்வளவோ இருக்கு, ஆனா எழுத முடியாது" என்ற ரகம். அந்தப் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் இந்தத் தொகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிபட்டது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ரகசியத்தைக் காத்த ஒருவருக்கு நினைவுச் சின்னம் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்த ரகசியங்களை நாமே கொட்டிவிடக் கூடாது. எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் பெரும்பாலான நேரம் போனது.

டீச்சரின் மகளை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொடுத்த அட்டைப்பெட்டியில் கேசட்டுகள், கடிதக் கட்டு, பசை ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பம், சுருட்டி வைத்த ஒரு சார்ட், அடியில் நாடாவால் இறுக்கிக் கட்டிய நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. நோட்டுகளின் மேல் டீச்சர் கையெழுத்தில் ஒரு சீட்டு: படிக்க வேண்டாம், எனக்குப் பின் அந்த அறைக்கு வந்தவரிடம் ஒப்படைக்கவும்.

அக்கா ஒரே ஒரு முறை கேட்டார். "நான் பொண்ணுதானே, நான் பாக்கலாமில்ல?"

பார்க்கக் கூடாது என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆலோசகரிடம் பேசியது ரகசியம் என்ற விதி, ஆலோசகர் இறந்ததோடு முடிவதில்லை. பேசிய பிள்ளைக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால்தான் அந்த விதி தளரும். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குறிப்புகளை யார் பொறுப்பில் விடுவது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முன்கூட்டியே எழுதி வைப்பதும் உண்டு. டீச்சரின் சீட்டு அந்த வகை. அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அம்மா வீட்டுலயும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, நாடாவை அவிழ்க்காமலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மிச்சத்தை இப்படிப் பிரித்தேன்: பலர் முன்னால் நடந்தவை ஒரு பக்கம், இன்னொருவர் கையால் எழுதியவை ஒரு பக்கம். முதலாவதை நாங்களே தொகுக்கலாம். இரண்டாவதில் ஒவ்வொன்றுக்கும் எழுதியவரின் சம்மதம் வேண்டும்.

முதலில் டெக்

கேசட்டைத் தொடுவதற்கு முன் அதன் மேல்விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட வேண்டும். அவை இருக்கும்வரை கை தவறி ரெக்கார்ட் பட்டன் அமுங்கினால் இருப்பதும் போய்விடும். இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

என்னிடம் இருந்த டெக், அதாவது கேசட்டை ஓட்டும் கருவி, பல வருஷமாக ஓடாமல் கிடந்தது. பிளே அமுக்கினால் மோட்டார் முனகுகிறது, சக்கரம் சுற்றவில்லை. திறந்து பார்த்தால் ரப்பர் பெல்ட் தாராக உருகி, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் பள்ளத்திலெல்லாம் அப்பியிருக்கிறது. பழைய டெக்குகளுக்கு இது வழக்கமான நோய்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பொறுமையாகத் துடைத்தால் போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கறுப்பு விரலில் பட்டால் லேசில் விடாது. புது பெல்ட்டின் அளவு தெரியாவிட்டால், பெல்ட் ஓட வேண்டிய வழியில் ஒரு நூலைச் சுற்றி அளந்து, அதில் சுமார் 5% குறைத்து வாங்குங்கள். மிகவும் இறுக்கமான பெல்ட் மோட்டாரின் தாங்கியைத் தின்றுவிடும், தளர்வானது வழுக்கும்.

நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் அதே ஆல்கஹாலால் துடைக்கலாம். நாடாவை அந்தத் தண்டோடு அழுத்தும் பிஞ்ச் ரோலர் ரப்பர் என்பதால் அதற்கு மட்டும் சோப்புத் தண்ணீர் தொட்ட துணி. ஆல்கஹால் ரப்பரை உலர்த்தி வெடிக்க வைக்கும் என்பது என் பயம். சிலர் கவலைப்படாமல் துடைக்கிறார்கள்.

அடுத்தது வேகம். பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய இந்தக் கேசட்டில் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். பாட்டு கேட்கும்போது ஒன்றிரண்டு சதவீத வேறுபாட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. தெரிந்தவரின் பேச்சுக்குரலில் அது உடனே உறுத்தும். வேகம் 3% கூடினால் சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வர இடைவெளியில் பாதி உயர்ந்துவிடுகிறது. 3150 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கேசட்டை ஓடவிட்டு, மோட்டாரின் பின்பக்கத் துளைக்குள் இருக்கும் குட்டித் திருகைச் சன்னமான ஸ்க்ரூடிரைவரால் திருப்பி, திரையில் 3150 வரும்வரை சரிசெய்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு கேசட்டில் குரல் கீச்சென்று இருந்தது. அக்காவிடம் போட்டுக் காட்டினால், "இது அம்மா மாதிரி யாரோ" என்றார். டெக் சரியாக ஓடுகிறது என்றால் கோளாறு அன்றைக்குப் பதிவு செய்த ரெக்கார்டரில்தான் இருக்க வேண்டும். அது மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் உயர்ந்து கேட்கும். எவ்வளவு மெதுவாக என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ரெக்கார்டரை மின்சாரத்தில் மாட்டிப் பதிந்திருந்தால், மின்சாரத்தின் ரீங்காரம் பேச்சுக்கு அடியில் சன்னமாகப் பதிந்திருக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ரீங்காரம் 50 இலும் அதன் மடங்கான 100 இலும் இருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் வழங்கும் நாடுகளில் 60, 120 என்று பார்க்க வேண்டும். ஆடாசிட்டி மென்பொருளில் பேச்சில்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து அலைவரிசை வரைபடத்தைப் பார்த்தேன். 100 இல் இருக்க வேண்டிய முனை 104 இல் நின்றது. முழுப் பதிவின் வேகத்தையும் 104 இலிருந்து 100 ஆகும்படி குறைத்து மறுபடி போட்டுக் காட்டினேன். முதல் வாக்கியம் முடிவதற்குள் அக்கா தலையாட்டிவிட்டார்.

நாடாக்கள்

பெரும்பாலும் சி60, சில சி90, ஒன்றே ஒன்று சி120. எண் என்பது இரு பக்கமும் சேர்த்து ஓடும் நிமிடங்கள். எண் பெரிதாகப் பெரிதாக அதே கூட்டுக்குள் அதிக நீளம் அடைக்க வேண்டும் என்பதால் நாடா மெல்லியதாகிவிடும். அந்த சி120 ஐக் கடைசிக்கு ஒதுக்கினேன். வேகமாகச் சுற்றினால் ரோலரில் சிக்கிக்கொள்ளும் ஜாதி அது.

ஒரு கேசட்டில் ஒலி உள்ளே போய் வெளியே வந்தது. முன்வாசலில் பார்த்தால், நாடாவை ஹெட்டின் மேல் அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. இன்னொன்றில் நாடா தொடக்கத்திலேயே அறுந்து, மொத்தமும் ஒரே உருளையில் சுற்றிக் கிடந்தது. இரண்டுக்கும் கூட்டைத் திறந்தாக வேண்டும். ஐந்து திருகு போட்ட கூடு என்றால் வேலை எளிது. ஒட்டிய கூட்டை விளிம்பில் மெல்லிய கத்தியை விட்டுப் பிளந்து, நாடாவை வேறொரு திருகுக் கூட்டுக்கு மாற்றவேண்டியதுதான். உள்ளே இருபுறமும் வழவழப்பான தாள்கள், மூலைகளில் குட்டி உருளைகள், நடுவில் காந்தக் கவசத் தகடு. எது எங்கே இருந்தது என்று திறந்த உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகை எடுக்கும்போது கூடு மேசைமேல் படுத்திருக்கட்டும். தூக்கிப் பிடித்துக்கொண்டு திறந்தால் சுருள் முழுக்கத் தரையில் கிடக்கும்.

அறுந்த நாடாவை இரு முனைகளிலும் சாய்வாக வெட்டி, பின்பக்கத்தில் ஒட்ட வேண்டும். கேசட்டில் ஒலி பதிந்த பக்கம் வெளியே, ஹெட்டைப் பார்த்து இருக்கும். ஆகவே உள்பக்கம்தான் பின்பக்கம். இதற்கென்றே அளவாக வெட்டிய ஒட்டுப்பட்டை கிடைக்கிறது. சாதாரண செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை வெளியே கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளையும் சேர்த்து ஒட்டிவிடும்.

ஓட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கடைசிவரை முன்னால் சுற்றி, பின்னால் சுற்றினேன். வருஷக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த சுருள் இதில் தளர்ந்து சீராகும். ஹெட்டின் சாய்வையும் கேசட்டுக்குக் கேசட் திருத்தினேன். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். ஹெட்டில் உள்ள இடைவெளி நாடா ஓடும் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், துளி சாய்ந்தாலும் மேல்சுரங்கள் மங்கிவிடும். பதிந்த ரெக்கார்டரும் என் டெக்கும் ஒரே கோணத்தில் இருக்கப் போவதில்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, "ஸ்", "ச்" ஒலிகள் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துவதுதான் வழி. திருப்பும் முன் திருகின் பழைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டேன்.

பதிவு

டெக்கிலிருந்து கணினியின் லைன்-இன் (ஒலியை உள்வாங்கும் துளை) வழியாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத வேவ் கோப்பு. ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும். அதாவது ஒரு சி60 க்கு ஒரு ஜிபி. இந்த மூலக் கோப்பில் எந்த வித்தையும் காட்டக் கூடாது. சுத்தம் செய்வது, வெட்டுவது எல்லாம் நகலில்தான்.

கேசட் தன் போக்கில் ஓடட்டும், நாம் வேறு வேலை பார்க்கலாம் என்றுதான் தோன்றும். நான் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். காரணம் பின்னால் வருகிறது.

இருந்தவை பெரும்பாலும் பெற்றோர் கூட்டப் பேச்சுகள், பள்ளியின் கடைசி வருஷப் பிள்ளைகளோடு உரையாடல்கள், தேர்வு பயத்துக்கான பயிற்சிகள். பயிற்சிக் கேசட்டில் அவர் செய்ய வைப்பது எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் வகுத்த தசைத் தளர்வு முறை. கை முஷ்டியை இறுக்கு, அந்த இறுக்கத்தைக் கவனி, விடு. பிறகு தோள், தாடை, வயிறு. டீச்சர் சேர்த்த ஒரு வரி மட்டும் எந்தப் பாடத்திலும் இருக்காது: "கண்ணை மூடச் சொன்னா பக்கத்துல இருக்கறவனை பாக்கறது யாரு?" உடனே ஒரு சிரிப்பலை. அந்தச் சிரிப்புக்கு ஒன்றிரண்டு நொடி முன்னாலேயே அதே சிரிப்பு மிக மெலிதாகக் கேட்கிறது. சுருளில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்வதால் வரும் முன்னெதிரொலி அது. நீக்கலாம்தான். எனக்கு நீக்கத் தோன்றவில்லை.

இன்னொன்றில் தன் தொழிலின் கதையைச் சொல்கிறார். 1908 இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க வழிகாட்டும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். தன்னை அறிவது, வேலைகளை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது என்று மூன்று படிகளை வைத்தார். அதே வருஷம் இறந்தும் போனார். இதைச் சொல்லிவிட்டு டீச்சர் பெற்றோர் பக்கம் திரும்புகிறார்: "ரெண்டாவதுல உங்களுக்கு நிறைய தெரியும். முதலாவதுல உங்க பிள்ளைதான் வாத்தியார்."

தொகுப்புக் குழுவில் ஒருவர், "நடுநடுவே ரொம்ப நேரம் சத்தமே இல்ல, அதையெல்லாம் வெட்டிடலாமே" என்றார். மௌனத்தைத் தானாகக் கண்டுபிடித்துச் சுருக்கும் வசதி ஆடாசிட்டியிலேயே இருக்கிறது. ஒரு சொடுக்கில் முடிகிற காரியம். நான் மறுத்துவிட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

அந்த மௌனங்களைக் கேட்டால்தான் தெரியும். கடைசி வருஷப் பிள்ளைகளோடு பேசும் ஒரு பதிவில் கேட்கிறார்: "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு வெச்சுக்கோ. அப்ப நீ என்ன படிப்பே?" அதற்குப் பிறகு 14 நொடிகள். மின்விசிறி சுற்றுகிறது. பெஞ்சு கிறீச்சிடுகிறது. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். டீச்சர் கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை, எளிமையாக்கவில்லை, "சொல்லு சொல்லு" என்று முடுக்கவில்லை. 14 ஆவது நொடியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மெல்ல ஆரம்பிக்கிறது. 1970களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்து எழுதியது நினைவுக்கு வந்தது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடி ஆக்கினாலே பதில்கள் நீளமாகவும் தெளிவாகவும் வருகின்றன. டீச்சர் 14 நொடி காத்திருக்கிறார். அவர் செய்த வேலையின் பெரும்பகுதி அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது அறிவுரை பேசுகிற இன்னொரு அம்மா.

அதனால்தான் இரைச்சல் நீக்கத்தையும் 6 டெசிபலோடு நிறுத்திக்கொண்டேன். அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழையும், மௌனம் பொட்டலாகிவிடும். அறை இருக்கிறது என்று காதுக்குத் தெரிய வேண்டும். ஆனால் அவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடங்களில் மட்டும் ஒலியை அடக்கினேன். பலர் முன்னால் நடந்த கூட்டம்தான், என்றாலும் அன்றைக்கு அந்தப் பையன் பேசியது அந்த வகுப்பிடம், நம்மிடம் அல்ல.

இப்போது ஹெட்போனைக் கழற்றாததற்கான காரணம். பெற்றோர் கூட்டம் என்று எழுதியிருந்த ஒரு கேசட்டில் பேச்சு முடிந்து, நாற்காலிகள் இழுபட்டு, காலடிகள் அடங்கின. ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டார்கள்போல. கதவு திறக்கிறது. ஒரு பெண்பிள்ளையின் குரல்: "டீச்சர், கொஞ்சம் பேசணும்."

அந்த இடத்தில் நிறுத்தினேன். மேலே ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

கணினியில் விழுந்துவிட்ட அந்தச் சில நொடிகளையும் விட்டுவைக்க முடியாது. ஆடாசிட்டியில் ஒரு துண்டை வெட்டினாலும், திரும்பக் கொண்டுவரும் வசதிக்காக அது புராஜெக்ட் கோப்புக்குள் தங்கியிருக்கலாம். அதனால் கூட்டப் பேச்சை மட்டும் தனி வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்துவிட்டு, புராஜெக்ட் கோப்பையே அழித்தேன். கேசட்டை அழிப்பதா என்று யோசித்தோம். அது எங்கள் முடிவல்ல என்று அக்கா சொன்னார். அந்தக் கேசட்டும் நோட்டுகள் போன இடத்துக்கே, அதே ஆலோசகரிடம் போனது. ஓடவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருந்தால் மொத்தமும் பதிவாகி, பகிர்ந்த கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

தாள்கள்

கடிதங்களை 300 டிபிஐயிலும் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சிறு புகைப்படங்களை 600 இலும், வண்ணத்திலேயே, டிஃப் என்ற படக் கோப்பாக ஸ்கேன் செய்தேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய நீல மை காணாமல் போய்விடும். துருப்பிடித்த கிளிப்புகளை இழுக்காமல், தாளுக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விட்டு நெகிழ்த்த வேண்டும். பசை ஆல்பத்திலிருந்து படங்களை எடுக்கப் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூல் போதும். படத்தின் பின்னால் விட்டு ரம்பம்போல மெதுவாக இழுத்தால் வந்துவிடுகிறது. வர மறுத்த இரண்டை ஆல்பத்தோடு சேர்த்தே படமெடுத்தேன்.

கடிதம் எழுதியவர்களைத் தேடிக் கேட்டோம். சிலர் சரி என்றார்கள், சிலர் பெயரில்லாமல் என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களின் கடிதங்களை அவர்களிடமே அனுப்பிவைத்தார் அக்கா. கையொப்பமில்லாத கடிதங்களும் இருந்தன. அருமையான கடிதங்கள். யாரிடம் கேட்பது? கையெழுத்தை வைத்தே அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை. ஸ்கேனும் செய்யவில்லை.

சார்ட் அவர் அறைச் சுவரில் இருந்தது. ஜான் ஹாலண்ட் 1959 இல் முன்வைத்த ஆறு வகை ஆர்வங்களை அறுகோணமாகக் கையால் வரைந்திருந்தார். கையால் செய்வோர், ஆராய்வோர், கலைஞர், பிறருக்குத் துணை நிற்போர், முன்னின்று நடத்துவோர், ஒழுங்கு செய்வோர் என்று மூலைக்கு ஒன்று. பக்கத்துப் பக்கத்து மூலைகள் ஒத்துப்போகும், எதிரெதிர் மூலைகள் அவ்வளவாக ஒத்துப்போகாது. நடுவில் பென்சிலால் சின்னதாக ஒரு வார்த்தை: "மாறலாம்". சுவரில் இருந்தபோது எங்களில் யாரும் அதைக் கவனித்ததாக நினைவில்லை.

மடிப்புகளில் கிழிந்து, பழைய செல்லோடேப் மஞ்சளாகக் காய்ந்து உதிர்ந்திருந்தது. பின்பக்கத்தில் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாப் பசையால் ஒட்டினேன். நாளை யாராவது இதைவிட நன்றாகச் சரிசெய்ய விரும்பினால், தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம் என்பதுதான் இந்தப் பசையின் அருமை. ஸ்கெட்ச் பேனா மை ஈரத்தில் கரைகிறதா என்று ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்தேன், கரைந்தது. அதனால் பசையைக் கெட்டியாக, நீர் குறைத்துத் தடவி, உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றினேன். டேப்பின் மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது.

புத்தகம்

நூல் தைத்து, கெட்டி அட்டை போட்டு ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. சம்மதம் கேட்கும் வேலை நடந்தபோது அந்த ஆசையைக் கைவிட்டேன். ஒருவர் இன்று சரி என்று சொன்னது அடுத்த வருஷமும் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குழந்தை பிறந்த பிறகு, வேலை மாறிய பிறகு, அந்தப் பக்கம் அங்கே இருக்க வேண்டாம் என்று தோன்றலாம். தைத்த புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தால் காயம் தெரியும். அதனால் திருகுக் கட்டு. இரண்டு அட்டைகள், மூன்று துளைகள், உள்ளே பித்தளைத் திருகுத் தண்டுகள். கழற்றலாம், தாளை எடுக்கலாம், புதியதைச் சேர்க்கலாம்.

இந்தக் கட்டில் தாள் சுலபமாக மடங்காது. ஒவ்வொரு தாளிலும் துளைக்கு அப்பால் எலும்புக் கத்தியால் (தாள் மடிக்கும் மழுங்கிய கருவி) ஒரு கோடு அழுத்தி மடிப்பு விட்டேன். முதுகுப் பக்கம் 30 மில்லிமீட்டர் வெற்றிடம். தாளின் இழை, அதாவது அதன் நார்கள் கிடக்கும் திசை, முதுகுக்கு இணையாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கும். ஓரத்தில் லேசாக ஈரம் தொட்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதிலிருந்து இழை தெரிந்துவிடும், சுருளின் அச்சுதான் இழையின் திசை. படம் ஒட்டிய பக்கங்கள் தடிமன் என்பதால், முதுகில் அதே தடிமனுக்கு ஒரு பட்டைத் தாளும் சேர்த்தேன். இல்லையென்றால் புத்தகம் வாய் பிளந்து நிற்கும்.

ஒலிக்கோப்புகளுக்கு கியூஆர் கட்டம் அச்சடிக்கலாம் என்றார்கள். இணைப்பு ஒருநாள் செத்துவிடும், கட்டம் மட்டும் மிஞ்சும். அதற்குப் பதில் எந்தக் கேசட்டில் எந்தப் பேச்சு, எத்தனையாவது நிமிடத்தில் என்ன என்று ஒரு பட்டியலைக் கடைசிப் பக்கங்களில் அச்சிட்டேன். கோப்புகள் மூன்று நகல்: அக்காவிடம் ஒரு ஹார்ட் டிஸ்க், என்னிடம் ஒன்று, மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் ஒரு நண்பரிடம். பென் டிரைவில் போட்டு அலமாரியில் மறந்துவிடுவது சேமிப்பு ஆகாது. மின்சாரம் படாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ளது மங்கிவிடும்.

புத்தகம் அக்கா வீட்டுக்குப் போன பிறகு ஒருவர் தன் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார். காரணம் கேட்கவில்லை. திருகைத் தளர்த்தி எடுத்து அவருக்கே அனுப்பிவிட்டு, பட்டியலிலும் அந்த வரியை நீக்கி அச்சிட்டு மாற்றினோம். அதேபோல, முதலில் "எழுத முடியாது" என்ற இருவர் இப்போது எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் சிலர் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தண்டின் நீளம் போதவில்லை. 5 மில்லிமீட்டர் நீட்டிப்புத் துண்டுகள் போட்டிருக்கிறேன். அதுவும் நிறைந்தால் அட்டையின் முதுகை அகலமாக்க வேண்டியிருக்கும்.